தூக்கத்தில் போட்ட கணக்கு

கேட் போட்டுவிட்டான் சார். இனி இருபது நிமிடத்துக்குப் பஸ் நகராது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு பீடிக்கட்டைத் தேடுகிறார் பாருங்கள், அதிலேயே தெரிந்துகொள்ளலாம். தெற்கே போகிற ரயில் ஒன்று, வடக்கே போகிற ரயில் ஒன்று, இரண்டும் போனால்தான் திறப்பான். உங்களுக்கு ஒன்றும் அவசரம் இல்லையே? டாக்டர்கள் பத்தரைக்குத்தான் வருவார்கள். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று பார்க்கிறீர்களா? கறுப்புப் பை, இஸ்திரி போட்ட சட்டை, பேசினால் தலையை மட்டும் ஆட்டுகிற குணம். மெடிக்கல் ரெப். ஆளைப் பார்த்து வேலையைச் சொல்வதில் இதுவரை நான் தவறியதே இல்லை.

எனக்குத்தான் அவசரம். பத்து மணிக்குப் பரீட்சை. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். பத்தாம் வகுப்புக் கணக்கு. தனித்தேர்வர் என்று போட்டு ஹால் டிக்கெட் கொடுத்திருக்கிறார்கள். கொம்பையா, வயது நாற்பத்து நாலு. போட்டோவில் கொஞ்சம் தூங்கி வழிகிற மாதிரி இருக்கும். நைட் ஷிப்ட் முடிந்த கையோடு போய் எடுத்தது.

மில்லில் பத்தொன்பது வருஷமாக நைட் ஷிப்ட் சார். ஷிப்ட் மேஸ்திரி பார்க்கிற வேலை எல்லாம் நான்தான் பார்க்கிறேன். பெயர்தான் இல்லை. புதிதாக வந்த மானேஜர், போர்டில் பெயர் எழுத வேண்டுமானால் பத்தாம் வகுப்பு சர்டிபிகேட் கொண்டுவா என்றார். அந்தக் காலத்தில் எல்லாப் பாடத்திலும் பாஸானவன் நான். கணக்கில் மட்டும் முப்பத்திரண்டு. மூன்று மார்க். இருபத்தெட்டு வருஷமாக அந்த மூன்று மார்க் செருப்புக்குள் கிடக்கிற கல் மாதிரி கூடவே வருகிறது. சரி, எழுதித் தொலைப்போம் என்று பணம் கட்டினேன்.

அது ஆரம்பத்தில் இருந்த காரணம். இப்போது போர்டும் வேண்டாம், பெயரும் வேண்டாம். என் வீட்டுக்காரி செண்பகவல்லி என்னோடு பேசி இன்றைக்கு நாற்பத்தோரு நாள். நான் கணக்கில் பாஸானால்தான் பேசுவாளாம். பெயிலானால் அடுத்த பரீட்சை வரைக்கும் இதே கதிதான். அதனால்தான் சார் கேட் போட்டதிலிருந்து ரயில் வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்க்கிறேன்.

எல்லாம் ஒரு கணக்கால் வந்த வினை. தப்பாகப் போட்டிருந்தால்கூட மன்னித்திருப்பாள். சரியாகப் போட்டுவிட்டேன்.

மச்சினன் வீட்டில் காதுகுத்து. மச்சினன் பெயர் கழுகாசலம், இவளுக்கு ஒரே தம்பி. பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். எதிர் வரிசையில் மாமனார். பழங்கதை பேசாமல் அவருக்குச் சோறு இறங்காது. எங்கள் கல்யாணத்துக்கு முதல் நாள், தன் பிள்ளைகள் இரண்டு பேர் வயதையும் கூட்டி, வயதுக்கு ஒரு விளக்கு என்று கழுகுமலைக் கோயிலில் முப்பத்தெட்டு விளக்கு போட்டாராம். மாமியார் பின்னாலிருந்து, அக்காளுக்கும் தம்பிக்கும் ஆறு வருஷம் இடைவெளி, நடுவில் ஒன்று தங்கவில்லை என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது சார். அன்றைக்குக் காலையில்தான் அந்தப் பாடத்தை முடித்திருந்தேன். இருவரின் வயதுகளின் கூடுதல் இவ்வளவு, வித்தியாசம் இவ்வளவு எனில் ஒவ்வொருவரின் வயதையும் காண்க. புத்தகத்தில் இருந்த கணக்கு எழுந்து வந்து எனக்கு எதிரே உட்கார்ந்து பாயசம் குடிக்கிறது. விட முடியுமா? வலது கை எச்சில். இடது கையால் பேனாவை எடுத்து, காதுகுத்துப் பத்திரிகையின் பின்பக்கத்தில் போட ஆரம்பித்தேன்.

கழுகாசலத்தின் வயது x என்க. இந்த 'என்க' இருக்கிறதே சார், புத்தகம் முழுக்க எனக்குப் பிடித்த ஒரே வார்த்தை அதுதான். யாரிடமும் கெஞ்ச வேண்டாம், மனு எழுத வேண்டாம். என்க என்றால் அப்படியே ஆகிவிடும். மில்லில் இப்படி ஒரு வசதி இல்லை. மேஸ்திரி கொம்பையா என்க. யார் கேட்கிறார்கள்?

சரி, கணக்குக்கு வருகிறேன். தம்பி x. அக்காள் x கூட்டல் ஆறு. இரண்டையும் சேர்த்தால் 2x கூட்டல் ஆறு, சமம் முப்பத்தெட்டு. ஆறைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டேன். முப்பத்தெட்டும் ஆறும் நாற்பத்து நாலு. இரண்டால் வகுத்தால் இருபத்திரண்டு. தம்பிக்கு இருபத்திரண்டு என்றால் அக்காளுக்கு இருபத்தெட்டு.

எங்கள் கல்யாணத்தின்போது எனக்கு இருபத்து மூன்று. பெண்ணுக்கு இருபத்திரண்டு என்று சொல்லித்தான் கட்டிக் கொடுத்தார்கள். இருபத்தெட்டு. ஐந்து வயது மூத்தவளை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். அவசரப்பட்டுச் சொல்லிவிடவில்லை சார், விடையைச் சரிபார்த்தேன். இருபத்தெட்டில் இருபத்திரண்டு போனால் ஆறு. டக்கென்று வந்தது. இன்னொரு சங்கதியும் கூடவே வெளியே வந்தது. எங்கள் கல்யாணத்தில் கழுகாசலம் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுத்தான் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், பதினொன்றாம் வகுப்பு. இருபத்திரண்டு வயதில் எவன் பதினொன்றாம் வகுப்பு படிப்பான்? ஆறு வருஷம் பெயிலாகியிருக்கிறான். அதையும் மறைத்துவிட்டார்கள்.

நான் கோபத்தில் சொல்லவில்லை சார். அதைத்தான் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். கணக்கு வந்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னேன். எழுந்து நின்று, பந்தி முழுக்கக் கேட்கும்படி, வரி வரியாக வாசித்தேன். கழுகாசலம் இலையில் கையை வைத்து, "அத்தான், நான் ஒரு வகுப்புலகூட பெயிலானதில்ல" என்று சத்தியம் பண்ணினான். "சத்தியத்துக்கு மார்க் கிடையாது மாப்ள, ஸ்டெப்புக்குத்தான் மார்க்" என்றேன். மாமனாருக்குப் புரை ஏறிவிட்டது. நாற்பது இலையிலும் சாப்பாடு அப்படியே நின்றது.

செண்பகவல்லி சாம்பார் வாளியோடு வந்தாள். ஒரு கரண்டி ஊற்றுகிற நேரம் இருக்குமா, அவ்வளவு நேரம் பத்திரிகையின் பின்பக்கத்தைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"மொதல்ல நீங்க கணக்குல பாஸாயிட்டு வாங்க. அதுக்கப்புறம் பேசுவோம்."

அவ்வளவுதான். பத்திரிகையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து வாயே திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் பெண்களுக்குத் தாங்காது.

உங்கள் வீட்டில் பேசுவார்களா சார்? உங்களுக்குத் தெரியாது, பேசாமல் இருக்கிற வீட்டில் டம்ளருக்குத்தான் நாக்கு முளைக்கும். காபியை வைக்கிற சத்தத்தை வைத்தே அன்றைக்குக் கோபம் எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவேன். முதல் வாரம் தொண்ணூறு. இப்போது அறுபதுக்கு வந்திருக்கிறது. இன்றைக்குக் காலையில் வைத்த சத்தமே கேட்கவில்லை. வேலைக்கும் போகவில்லை. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிறாள், சட்டத்தில் குச்சி அடுக்குகிற வேலை, ஒரு நாள் லீவு போட மாட்டாள். இன்றைக்கு அடுப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். கோபம் முற்றிவிட்டது என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு மற்ற புருஷன் பெண்டாட்டி மாதிரி நாள் முழுக்கச் சண்டை போடவும் நேரம் கிடையாது. நான் ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவேன். அவள் ஏழு நாற்பதுக்குக் கிளம்புவாள். சாயங்காலம் அவள் வந்து குளித்து முடிக்கும்போது நான் டிபன் பாக்ஸோடு வாசலில் நிற்பேன். ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில்தான் பத்தொன்பது வருஷமாகக் குடும்பம் நடத்தியிருக்கிறோம். புத்தகத்தில் எதிரெதிர்த் திசையில் வருகிற இரண்டு ரயில் ஒன்றையொன்று கடக்க எவ்வளவு நேரமாகும் என்று கேட்பான். முதல் தடவை அதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது சார். என்னைப் பற்றி இவனுக்கு யார் சொன்னார்கள் என்று நினைத்தேன். இப்போது அந்த நாற்பது நிமிடமும் டம்ளர் சத்தம்தான்.

புத்தகம் மகளுடையது. கோயம்புத்தூரில் நர்ஸிங் படிக்கிறாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றேழு வாங்கினாள். என் மூளை. டியூஷன் கிடையாது, நானும் ராத்திரி வீட்டில் இருக்க மாட்டேன், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமலே அவ்வளவு மார்க். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் தாயும் மகளும் விளக்கைப் போட்டுக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டே இருப்பார்கள் என்று பக்கத்து வீட்டில் குறை சொல்வார்கள். பொம்பளைகள் பேச்சு, அதற்கு நடுவிலும் படித்திருக்கிறாள் பாருங்கள். அவள் அம்மா ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். வயதுக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கணக்கு டீச்சரே வீட்டுக்கு வந்து அழுதார்களாம். ஏன் அழுதார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. டீச்சர்கள் சிலர் இளகின மனசுக்காரர்கள்.

எனக்கும் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. நானாகவே படித்தேன். நானாகப் படிப்பதில் ஒரு கஷ்டம், கேட்க வேண்டாத கேள்வி எல்லாம் வரும். கலங்கரை விளக்கத்தின் உச்சியில் ஒருத்தன் நிற்கிறான். கப்பலை முப்பது டிகிரியில் பார்க்கிறான், கொஞ்ச நேரம் கழித்து அறுபது டிகிரியில் பார்க்கிறான். கப்பல் எவ்வளவு தூரம் வந்தது? அதுதான் கேள்வி. அந்தக் கப்பலில் யார் வருகிறார்கள், அவன் யாருக்காக அவ்வளவு நேரம் நிற்கிறான், ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு ஒரு காலைப்பொழுது முழுக்க அதிலேயே போய்விட்டது. அவன் சாப்பிட்டானா என்றுகூட நினைத்தேன்.

வடிவியல் வேறு மாதிரி. முதலில் உதவிப் படம் போடச் சொல்வார்கள். சும்மா கையால் கிறுக்கினால் போதும். எனக்குக் கிறுக்கத் தெரியாது சார். கோடு என்றால் கோடாக இருக்க வேண்டும். உதவிப் படத்துக்கே நிழல் எல்லாம் கொடுத்து ஒன்றரை மணி நேரம் வரைவேன். மகள் போனில், "அப்பா, அதுக்கு மார்க்கே இல்லப்பா" என்றாள். மார்க் இல்லை என்பதற்காக ஒரு முக்கோணத்தை அசிங்கமாக விட முடியுமா?

இப்படிப் போனால் எந்தக் காலத்தில் பாஸாவது என்று கவலையாக இருந்தது. அப்போதுதான் சார் எனக்கு அந்தச் சக்தி வந்தது.

சத்தம் போடாமல் கேளுங்கள், முன் சீட்டில் காது நீளமாக இருக்கிறது. காதுகுத்து முடிந்து ஏழெட்டு நாள் இருக்கும். காலையில் கணக்கோடு உட்காருவேன், ஒன்பது மணிக்குள் நோட்டுமேலேயே தலை சாய்ந்துவிடும். மூன்று மணிக்கு முழிப்பு வரும். அன்றைக்கு முழித்துப் பார்க்கிறேன், பாதியில் விட்ட கணக்கு முடிந்திருக்கிறது. விடை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, கன கச்சிதமாக. புத்தகத்தின் பின்னால் விடையைப் பார்த்தேன். சரி.

வீட்டில் யாரும் இல்லை. அவள் ஒரு மணிக்குச் சாப்பிட வருவாள், அரை மணியில் போய்விடுவாள். கதவு சாத்தித்தான் இருந்தது. அப்போ யார் போட்டது? நான்தான். தூக்கத்தில் போட்டிருக்கிறேன்.

மறுநாள் சோதித்துப் பார்த்தேன். வேண்டுமென்றே கேள்வியை மட்டும் எழுதிவிட்டுப் படுத்தேன். மூன்று மணிக்கு விடை தயார். அதற்கு மறுநாள் இரண்டு கணக்கு. போகப் போக எட்டு. தூக்கத்தில் நான் போடுகிற கணக்கில் ஒரு தப்பு இருக்காது சார். முழித்திருந்து போட்டால் நாலில் மூன்று தப்பு. மனுஷனுக்கு முழிப்புதான் இடைஞ்சல்.

சில வித்தியாசம் உண்டு. இல்லை என்று சொல்ல மாட்டேன். என் x இரண்டு குச்சியைக் குறுக்கே போட்ட மாதிரி இருக்கும். தூக்கத்தில் போடுகிற x, இரண்டு பிறை முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி. புருஷனும் பெண்டாட்டியும் கோபித்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்திருப்பார்களே, அப்படி. பென்சிலும் ஷார்ப்னரில் சீவினதாக இருக்காது, அரிவாள்மணையில் சீவின மாதிரி பட்டை பட்டையாக இருக்கும். நடந்துபோய்ச் சீவியிருப்பேன்போல. ஒரு நாள் வடிவொத்த முக்கோணத்தின்மேல் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. ரசம் சோறு.

பெரிய ஆச்சரியம் வட்டம்தான். மூன்று சென்டிமீட்டர் ஆரத்தில் வட்டம் வரைந்து தொடுகோடு போட வேண்டும். காம்பஸ் வைத்துப் போட்டால் நடுவில் ஊசி குத்திய ஓட்டை இருக்கும் இல்லையா? தூக்கத்தில் நான் போட்ட வட்டத்தில் ஓட்டையே இல்லை. மையத்தில் பென்சிலால் ஒரு புள்ளி, அவ்வளவுதான். ஊசி குத்தாமல் வட்டம் போட்டிருக்கிறேன் சார். வளையலை வைத்து இழுத்த மாதிரி அவ்வளவு வழுவழுப்பு. எத்தனை வட்டம் போட்டாலும் எல்லாம் ஒரே அளவு.

மில்லில் துரைப்பாண்டியிடம் மட்டும் சொன்னேன். என்னோடு அதே ஷிப்ட். "அண்ணாச்சி, ஒங்கள ஏதோ புடிச்சிருக்கு, கோயிலுக்குப் போயிட்டு வந்துருங்க" என்றான். "புடிக்கிறது பேயா இருந்தா எதுக்குலே தொடுகோடு வரையுது" என்று கேட்டேன். 

வடக்கே போகிற வண்டி வந்துவிட்டது பாருங்கள். கூட்டம் இல்லை. இனி அடுத்தது.

அதனால் இன்றைக்கு எனக்குப் பயம் பாதிதான். திட்டம் இருக்கிறது. பத்தேகாலுக்கு எழுத விடுவார்கள். நான் கேள்வி நம்பரை எல்லாம் வரிசையாக எழுதி வைத்துவிட்டு, தலையைச் சாய்த்து ஒரு மணி நேரம் தூங்கப்போகிறேன். ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு, காலையில் கண்ணை மூடாமல், அத்தனை தூக்கத்தையும் அப்படியே சேர்த்துக் கொண்டுவந்திருக்கிறேன். ஹாலில் நிற்கிற வாத்தியார் எழுப்பாமல் இருக்க வேண்டும், அது ஒன்றுதான். இப்போதெல்லாம் வருகிற வாத்தியார்களுக்கு ஈரம் கிடையாது சார், பிள்ளை தலை சொறிந்தாலே பக்கத்தில் வந்து நிற்பார்கள். என்ன, இருமுகிறீர்கள்? தண்ணீர் வேண்டுமா?

நம்பிக்கை இல்லையா? நோட்டையே காட்டுகிறேன். மஞ்சப்பையில் இருக்கிறது. மோந்து பாருங்கள், நீங்கள் மருந்து ஆள்தானே. தாளில் ஒரு வாடை இருக்கும், என்னவென்று எனக்குப் பிடிபடவே இல்லை. பஞ்சு வாடை என்றாலாவது மில் என்று சொல்லலாம். என்ன? தீக்குச்சி மருந்தா? நல்ல மூக்கு சார் உங்களுக்கு. தீக்குச்சி மருந்து எப்படி என் நோட்டில்... சரி, அது கிடக்கட்டும்.

இதோ, கடைசிப் பக்கம். நேற்று எழுதியது. முழித்த பிறகு பார்க்கவே நேரம் இல்லை, இவள்தான் எடுத்துப் பைக்குள் வைத்தாள். நேற்று எந்தக் கணக்கு என்றால், பழைய கணக்குதான் சார். காதுகுத்துக் கணக்கு. பாஸாகிவிட்டு அவள் முன்னால் நின்று மறுபடி நிரூபிக்க வேண்டும் இல்லையா? அதற்காக முதல் வரி மட்டும் எழுதிவிட்டுப் படுத்தேன். கழுகாசலத்தின் வயது x என்க. மீதியைத் தூக்கத்தில் போட்டிருப்பேன். என் கண்ணாடி பைக்கு அடியில் எங்கேயோ கிடக்கிறது. நீங்களே வாசியுங்களேன்.

2x கூட்டல் ஆறு சமம் முப்பத்தெட்டு. சரி. 2x சமம் முப்பத்தெட்டு கழித்தல்... கழித்தலா? அது கூட்டல் சார். கோடு ஒன்று அழிந்திருக்கும். கழித்தல்தானா? பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஏதோ எழுதியிருக்கிறதா? என்ன எழுதியிருக்கிறது?

'அந்தப் பக்கம் போனா குறி மாறும். நீங்க மாத்தல.'

ஓ.

இருங்கள். முப்பத்தெட்டில் ஆறு போனால் முப்பத்திரண்டு. பாதி பதினாறு. கழுகாசலத்துக்குப் பதினாறு. பதினொன்றாம் வகுப்பு. அக்காளுக்கு இருபத்திரண்டு. பதினாறும் இருபத்திரண்டும் முப்பத்தெட்டு. விளக்குக் கணக்கு சரியாக வருகிறது.

இருபத்திரண்டு என்றுதான் சொன்னார்கள் சார். அன்றைக்கும்.

நாற்பது இலைக்கு முன்னால். மாமனாருக்குப் புரை ஏறி... அந்தப் பையன் சோற்றில் கையை வைத்துச் சத்தியம் பண்ணினான் சார்.

சரி, சரி. கீழே இன்னும் இருக்கிறதா? வாசியுங்கள். 'ஒரு வயசு நீங்கதான் மூப்பு.' அப்புறம்? பின்னட்டையில் நான் போட்டிருந்த டைம்டேபிளா? பத்தேகால் முதல் பதினொன்றேகால் வரை தூக்கம் என்று எழுதியிருந்தேன். அது அடித்திருக்கிறதா? பக்கத்தில், 'தூங்கிராதீங்க.'

தூங்கிராதீங்க. என் தூக்கமே என்னைத் தூங்க வேண்டாம் என்கிறது பாருங்கள். விசித்திரமாக இருக்கிறது. அதைவிட விசித்திரம் என்ன தெரியுமா, என் தூக்கம் எனக்கு மரியாதை கொடுக்கிறது. நீங்க மாத்தல என்கிறது. நீங்கதான் மூப்பு என்கிறது. நானே என்னைத் திட்டினால், லே கொம்பையா, கூறுகெட்டவனே என்றுதானே திட்டுவேன்? நானே எனக்கு எதற்கு நீங்க போடப்போகிறேன்?

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீர்கள்?

இருங்கள், போட்டுப் பார்ப்போம். இந்த உலகத்தில் எனக்கு நீங்க போடுகிறவர்கள் மொத்தம் மூன்று பேர். மானேஜர் நீ என்பார். மகளும் செல்லமாக நீ என்பாள். மாமனார் வா மாப்ள, போ மாப்ள. ஒன்று துரைப்பாண்டி. அவன் என் வீட்டுப் பக்கம் வந்ததே இல்லை. கழித்துவிடுவோம். இரண்டாவது கழுகாசலம். காதுகுத்துக்கு அப்புறம் அவனும் வாசல் மிதிக்கவில்லை. கழித்துவிடுவோம்.

மீதி ஒன்று.

x என்க.

வளையல், சார். நான் எப்பேர்ப்பட்ட மடையன். வளையல், ரசம் சோறு, அரிவாள்மணை. மூன்று சென்டிமீட்டர் அவள் கை வளையல். ஒரு மணிக்கு வந்து, இடது கையில் தட்டை வைத்துக்கொண்டு, நான் வாயைப் பிளந்து தூங்குகிறதைப் பார்த்துக்கொண்டே... தினமும் எட்டுக் கணக்கு. சாப்பிட அரை மணி நேரம்தான் விடுவார்கள் அங்கே. எப்போது சாப்பிட்டிருப்பாள்?

அப்போ நாற்பத்தோரு நாளும் பேசாமல் இல்லை. நோட்டு முழுக்கப் பேசியிருக்கிறாள். நான்தான் அதற்கும் நானே சொந்தக்காரன் என்று... தொண்ணூற்றேழு மார்க். ஐயோ, அதையும் என் மூளை என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன்.

கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறீர்களா? ஒரு போன் போட வேண்டும். எடுக்க மாட்டாள். நாற்பத்தோரு நாளாக எடுத்ததில்லை.

அலோ. நான்தான். எடுத்துட்டியா? சரி, பேச வேண்டாம். நீ பேச வேண்டாம், நான் சொல்றத மட்டும் கேளு. குறி தப்பு. அந்தப் பக்கம் போகும்போது மாத்தல. ஒனக்கு இருபத்திரண்டுதான். நான்தான் ஒரு வயசு மூப்பு. அடுத்த வாரம் மாமா வீட்டுக்குப் போயி எல்லாரையும் உக்கார வெச்சு நானே சொல்லிருதேன், பந்தி போட்டாலும் சரி, போடாட்டியும் சரி. கேக்குதா? வட்டம் எல்லாம் நல்லா இருந்துச்சு செம்பகம். என்னது? இன்னொரு தடவ சொல்லு, ரயில் வருது, காது கேக்கல. ம். ம். சரி. சரி, சரி.

வைத்துவிட்டாள்.

பேசினாள் சார். என்ன சொன்னாள் என்று கேட்க மாட்டீர்களா? 'ஸ்கேல் எடுத்தீங்களா?' என்றாள். இல்லையே, காணோமே என்று பையைத் தடவுகிறேன், 'அடுப்படியில இருக்கு, நேத்து நான்தான் எடுத்தேன்' என்றாள். அவ்வளவுதான். நான் இன்னும் பாஸ்கூட ஆகவில்லை. அதற்குள் பேசிவிட்டாள் பாருங்கள். அந்த 'நான்தான்' என்பதை எப்படிச் சொன்னாள் தெரியுமா? சரி, அது உங்களுக்கு எதற்கு?

கேட் திறந்துவிட்டான். உட்காருங்கள், வண்டி குலுங்கும்.

இப்போது ஸ்கேலுக்கு எங்கே போவேன்? இறங்கினதும் கடை இருக்குமா? உங்கள் கம்பெனியில் டாக்டர்களுக்குப் பேனா எல்லாம் கொடுப்பார்களே, ஸ்கேல் கொடுப்பது உண்டா? இருக்கிறதா? கொடுங்கள் சார், பெரிய உபகாரம். பழைய மர ஸ்கேல். பின்னால் ஏதோ சீல் குத்தியிருக்கிறதே. கண்ணாடி போடாவிட்டாலும் இவ்வளவு பெரிய எழுத்து தெரியும். அரசு மேல்நிலைப் பள்ளி.

பையில் அது என்ன, விடைத்தாள் கட்டுகிற வெள்ளை நூலா?

நீங்கள் மெடிக்கல் ரெப் இல்லையா?

கணக்கு வாத்தியாரா? ஓ, தமிழா. இன்றைக்கு ஹால் டியூட்டி. நான் எழுதப்போகிற அதே பள்ளிக்கூடம்தான். அதானே பார்த்தேன். வாத்தியார்களுக்கு ஈரம் கிடையாது என்று நான் சொன்னது பொதுவாகச் சொன்னது சார், அதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரே ஒரு உதவி. உங்கள் ஹாலில் என்னைப் பார்த்தீர்கள் என்றால், ராத்திரி முழுக்க முழித்த உடம்பு, எப்படியும் கண் செருகும். இரக்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். முதுகில் ஒன்று போட்டு எழுப்பிவிடுங்கள். தூக்கத்தில் எனக்குக் கணக்கு வராது.